முதல் கோடைக்கு முன்னால்: அமீரகத்துக்குப் புதிதாக வேலைக்குப் போகிறவர்களின் கேள்விகள்

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலை விசாவில் போகிறவர்களுக்கும், போய் இறங்கி அறை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதியது. துபாய், ஷார்ஜா, அபுதாபி மூன்றிலும் தொழிலாளர் சட்டம் ஒன்றே. வாடகையும் கரண்ட் பில்லும்தான் ஊருக்கு ஊர் மாறும். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் முன் அன்றைய தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"விசிட் விசாவில் வா, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

விசிட் விசாவில் போய் வேலை தேடுவது வேறு, வேலை செய்வது வேறு. இரண்டாவது குற்றம். 2024-இல் திருத்திய சட்டப்படி, பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். தொழிலாளிக்கு அதைவிடப் பெரிய இடி வேறொன்று உண்டு. ஒப்பந்தம் பதிவாகாததால், மூன்று மாதச் சம்பளத்தை ஏமாற்றினாலும் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்காது. விசா காலம் தாண்டித் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதமும் ஏறிக்கொண்டே போகும்.

முறையான வழி: தொழிலாளர் அமைச்சகத்தின் எண் போட்ட ஆஃபர் லெட்டர் முதலில் வரும். அரபியோடும் ஆங்கிலத்தோடும் அதைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். அமைச்சகம் அனுமதித்த மொழிகளில் தமிழும் உண்டு. ஆளெடுக்கும் செலவு முழுவதும் முதலாளி தலையில்தான் என்பது அமீரகச் சட்டம். இந்தியப் பக்கம், பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் எந்தக் கணக்கில் கேட்கிறார் என்று ரசீதோடு கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கிறது. என்ன செய்வது?

ஈசிஆர் என்றால் வேலைக்குப் போகும் முன் குடியேற்றச் சோதனை தேவை என்று பொருள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்கிய பிறகே வேலைக்குப் பறக்க முடியும். சென்னையில் அதற்கான அலுவலகம் உண்டு. கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். கல்ஃப் பயணத்தில் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது வேறெதுவும் இல்லை. பாலிசித் தாளின் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டாருக்குத் தெரியாத காப்பீட்டை யாரும் கோர முடியாது.

பெயருக்கு முன் இனிஷியல் மட்டும்தான். அது ஒரு சிக்கலா?

ஆம், குறிப்பாகத் தமிழர்களுக்கு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் 2022 நவம்பர் முதல் விசிட் விசாவில் நுழைய விடுவதில்லை. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கிறார்கள் என்றாலும் விமான நிலையக் கவுன்டரில் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பின்னால் குடும்பத்தை அழைக்கும்போது இதுதான் காலை வாரும்.

ஆஃபர் லெட்டரில் எதை முதலில் பார்ப்பது?

மொத்தச் சம்பளத்தைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தேடுங்கள். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படையை வைத்துத்தான் கணக்காகும்: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஓராண்டு முடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் மொத்தம் 3,000 திர்ஹாம் என்று வையுங்கள். ஒருவருக்கு அடிப்படை 1,500; நாளுக்கு 50 வீதம் 21 நாளுக்கு 1,050. இன்னொருவருக்கு அடிப்படை 1,000, மீதி படிகள். அவருக்கு ஆண்டுக்கு 700-தான். ஐந்தாண்டில் வித்தியாசம் 1,750 திர்ஹாம்.

சோதனைக் காலம் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. நோட்டீஸ் 30 முதல் 90 நாள். ஓராண்டு முடிந்தால் 30 நாள் சம்பளத்தோடு லீவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 1,500 திர்ஹாமுக்குக் குறைவான சம்பளம் என்றால் தங்குமிடம் கம்பெனி பொறுப்பு.

பெட்டியில் எதை வைக்கவே கூடாது?

கசகசா. குருமாவுக்கு அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த கசகசா அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும். மசாலாப் பொடியில் அரைத்திருந்தாலும் அதே கதைதான், ஆகவே வீட்டில் திரித்த பொடியில் என்ன சேர்ந்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள். பான் மசாலா, குட்கா வேண்டாம். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. கட்டாயம் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் முன் அனுமதி பெற்று, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோக வேண்டும். அடுத்தவர் கொடுத்தனுப்பும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சொந்தக்காரர் கொடுத்தாலும்.

இறங்கியதும் முதல் வேலை?

எமிரேட்ஸ் ஐடி. நம் ஆட்கள் வாயில் 'பத்தாக்கா'. 2022-க்குப் பிறகு பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவது நின்றுவிட்டது. இந்த அட்டைதான் விசாவுக்கும் சாட்சி. வங்கிக் கணக்கு, சொந்தப் பெயரில் சிம், வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை எல்லாம் இதற்குப் பின்னால்தான் நகரும்.

வேலை நுழைவு அனுமதியில் இறங்கிய நாளிலிருந்து 60 நாள் அவகாசம். அதற்குள் மெடிக்கல், கைரேகை, காப்பீடு, ஐடி எல்லாம் முடிய வேண்டும். மெடிக்கலில் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே மேற்கொண்டு சோதனை வைப்பார்கள், நாள் இழுக்கும். ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய சிகிச்சைக் காகிதங்களோடு போவது புத்திசாலித்தனம். அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் கம்பெனியின் பி.ஆர்.ஓ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று சொல்வார்கள். தேதியை நீங்களும் எண்ணிக்கொண்டிருங்கள்.

சென்னை வெயிலைப் பார்த்தவனுக்கு இது என்ன பெரிய வெயில்?

சூட்டின் அளவு பாதிதான். நாள் கணக்குதான் மீதி. நம் ஊர்க் கத்திரி 25 நாளில் விலகும். இங்கே மே நடுவில் தொடங்குவது செப்டம்பர் கடைசி வரை இறங்காது. உள்நாட்டுப் பாலைவன ஊரான ஸ்வைஹானில் 2025 ஆகஸ்டில் 51.8 டிகிரி பதிவானது. ஆனால் துபாய், ஷார்ஜா, அபுதாபி போன்ற கடலோர ஊர்களில் ஆளை வீழ்த்துவது ஈரப்பதம். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில்கூட வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 44 டிகிரி வறண்ட அல் ஐன் மதியத்தைவிட 38 டிகிரி ஈரமான ஷார்ஜா மாலை அதிகம் வாட்டுவது இதனால்தான். செய்தியில் சொல்லும் டிகிரி நிழலில் அளந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு உங்கள் கையில் இருந்தால் அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் போய்ச் சேருங்கள். வேலை, ஊர், வழி எல்லாம் பிடிபட்ட பிறகு கோடை வரும். ஜூலையில் இறங்குகிறவருக்கு எல்லாமே ஒரே நாளில்.

வெளியில், சைட்டில் வேலை. உடம்பு எப்படிப் பழகும்?

7 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாட்களில் வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும், நெஞ்சுப் படபடப்பு தணியும். சூட்டு வேலைக்கான பாதுகாப்பு வழிகாட்டுதல், புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டு என்கிறது. வெயில் சாவுகளில் பெரும்பங்கு முதல் சில நாட்களில்தான் நடக்கிறது. காரணம், புதிதாக வந்தவர் பழையவருக்கு ஈடு கொடுக்கப் பார்ப்பது. ஒரு மாத லீவில் ஊருக்குப் போய் வந்தவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற வேண்டும்.

தண்ணீர்: தாகம் வரும் வரை காத்திருக்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி. ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்டாதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே மயக்கத்தைக் கொண்டுவரும். வியர்வை கொட்டும் நாளில் ஓஆர்எஸ் நல்லது. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி; டீத் தண்ணி நிறத்துக்கு வந்தால் உடம்பு கடனில் ஓடுகிறது. சைட்டில் கழிப்பறை தூரம் என்று தண்ணீரைக் குறைப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் காத்திருக்கும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3:00 வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் வீதம், அதிகபட்சம் 50,000 வரை கம்பெனிக்கு அபராதம்.

பக்கத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால்?

தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு, கொட்டும் வியர்வை என்றால் நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்து இளைப்பாற்றலாம். பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு. வியர்த்திருக்கிறதே, இது வெப்பத் தாக்கு இல்லை என்று விட்டுவிடாதீர்கள்; வேலை செய்துகொண்டே விழுந்தவருக்கு வியர்வை இருக்கும். ஒருவர் 998-க்குப் போன் போடட்டும், மற்றவர் சட்டையைக் கழற்றித் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறட்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

குளிர்ந்த குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் கொட்டுகிறது. ஏதாவது பழுதா?

பழுது இல்லை. மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் காய்கிறது, குழாய்களும் சேர்ந்து காய்கின்றன. மே மாதம் வந்ததும் பாத்ரூம் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள் ஏசி நிழலில் இருப்பதால், அதில் தங்கும் தண்ணீர் சில மணி நேரத்தில் அறைச் சூட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே கோடையில் குளிக்கச் சிவப்புக் குறி போட்ட குழாய். அதிகம் சுடும் நீலக் குழாயைத் தொட வேண்டாம். ஹீட்டரில் 50 லிட்டர்தான் பிடிக்கும் என்றால் முதலில் குளிப்பவருக்கே யோகம். ஐந்தாவது ஆளுக்குத் தொட்டித் தண்ணீர்தான். இரவே வாளியில் பிடித்து வைப்பது இன்னொரு வழி.

குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். கட்டடத் தொட்டி எப்போது கழுவினார்கள் என்று தெரியாததால் குடிக்கப் பெரும்பாலோர் 5 காலன் கேன் போடுகிறார்கள். ஒரு கேனில் 18.9 லிட்டர். வராந்தா வெயிலில் நாள் முழுக்க நின்ற கேனை வாங்காதீர்கள்.

ஏசியை நிறுத்தவே கூடாதா? பில் என்ன ஆகும்?

24-இல் வையுங்கள். 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பிரமை. சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்காமல் ஓடுவதுதான் வித்தியாசம். கோடையிலும் மணல் காற்று வீசும் நாட்களிலும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனி பிடிக்கும், குளிர் போய்விடும். உள்ளே தண்ணீர் சொட்டினால் முதல் சந்தேகம் வடிகால் குழாய் அடைப்பு.

ஜன்னலைத் திறந்து வைத்து ஏசி போடும் பழக்கத்தை விடுங்கள். வெளி ஈரம் உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் வியர்க்கும், ஒரு மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை.

துபாயில் வீடு பார்க்கும்போது 'சில்லர் ஃப்ரீயா', அதாவது ஏசிக் குளிரூட்டும் செலவு வாடகையிலேயே சேர்ந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் குளிரூட்டும் நிறுவனத்துக்குத் தனி பில். அதில் நீங்கள் ஊரில் இல்லாத மாதத்துக்கும் ஒரு நிலைக்கட்டணம் உண்டு. வாடகை 2,000 குறைவு என்று மகிழ்ந்தவர்கள் முதல் சில்லர் பில்லில் கணக்கைத் திருத்திக்கொள்வார்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் மிக்ஸி ஓடுமா? மாவு புளிக்குமா?

மிக்ஸி ஓடும், வோல்டேஜ் நம்முடையதுதான். பிளக்தான் வேறு, மூன்று தட்டைப் பின். உருண்டைப் பின்னைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறக்கும் வித்தை எல்லா அறையிலும் உண்டு. அந்தத் துளையின் மூடி பாதுகாப்புக்கு வைத்தது, எர்த் இல்லாமல் ஓடும் கிரைண்டர் ஷாக் அடிக்கும். ஃபியூஸ் உள்ள பிளக்கை மாற்றிப் போட்டுவிடுங்கள்.

இட்லி மாவு ஏசி அறையில் பொங்காது. ஆகஸ்டில் பால்கனியில் வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் வழிந்து புளித்துப்போகும். ஏசி எட்டாத சமையலறை மூலை சரி. அதுவும் இல்லையென்றால் அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வையுங்கள்.

பெட் ஸ்பேஸா, தனி வீடா?

தனியாள் பெரும்பாலும் பெட் ஸ்பேஸில், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துத்தான் தொடங்குவார். ஜிப்சம் பலகை வைத்து ஹாலைத் தடுத்த 'பார்ட்டிஷன்' அறைகள் சட்டவிரோதம். துபாயில் 2025-இல் பெரிய அளவில் சோதனை நடந்து பலர் ஒரே வாரத்தில் இடம் மாற வேண்டி வந்தது. தீப்பிடித்தால் வெளியேற வழியும் இருக்காது. பணம் கொடுக்கும் முன் மெத்தைத் தையலைப் புரட்டி மூட்டைப்பூச்சிக் கறையைப் பாருங்கள். பூச்சிக்கு யாராவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்கி வந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும், பக்கத்து வீட்டுக்கும் பரவும். உரிமம் உள்ள பூச்சி மருந்துக்காரர்தான் வழி.

துபாயில் தனி வீடு என்றால் வாடகையோடு இவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்: டெபாசிட் வழக்கமாக ஆண்டு வாடகையில் 5 சதவீதம், தரகு இன்னொரு 5, மின்வாரியமான 'தேவா'வுக்கு ஃபிளாட் டெபாசிட் 2,000 திர்ஹாம், வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதியும் 'இஜாரி'க் கட்டணம். ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுவரியாக மாத பில்லில் வரும். 48,000 வாடகைக்கு மாதம் 200. வாடகையைக் கூட்டுவதென்றால் ஒப்பந்தம் முடிய 90 நாள் முன்பே சொல்ல வேண்டும். ஷார்ஜாவில் வாடகை மலிவு, ஆனால் துபாய்க்கு வேலைக்குப் போகிறவர் சாலையில் விடும் மணி நேரத்தையும் விலையில் சேர்க்க வேண்டும்.

வங்கி, போன்?

வேலைக்கு வெளிநாடு போனதும் ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்காக மாற்றுவது சட்டக் கடமை. சம்பளத்தை அனுப்ப, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான என்ஆர்இ கணக்கு திறங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். விமானம் ஏறும் முன் இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து, ரீசார்ஜ் போட்டு வையுங்கள். ஓடிபி வராமல் தவிப்பதுதான் புதியவர்களின் முதல் மாதப் புலம்பல்.

வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் வேலை செய்யும். தடையைத் தாண்ட விபிஎன் போடாதீர்கள்; அதன் தவறான பயன்பாட்டுக்குச் சட்டத்திலுள்ள அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது.

தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளும் காரியங்கள்?

அனுமதியில்லாமல் அடுத்தவரைப் படம் எடுத்துப் போடுவது. வாட்ஸ்அப்பில் திட்டுவது; குரல் பதிவும் சாட்சிதான். ஊர்க்காரரின் ஆபரேஷனுக்கென்று குழுவில் வசூல் செய்வது, நல்ல எண்ணமே என்றாலும் உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹாம், மெட்ரோவில் தின்றால் 100.

குடும்பத்தை எப்போது அழைக்கலாம்?

சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-மும் தங்குமிடமும். திருமணச் சான்றிதழுக்கு மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு முத்திரை. பல நாடுகள் ஏற்கும் 'அப்போஸ்டில்' என்கிற சான்று முத்திரை மட்டும் போதாது. ஊரிலிருக்கும்போதே முதல் மூன்றையும் முடித்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

சம்பளம் வரவில்லை. பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம்.

பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. சம்பளம் வங்கி வழியாகப் பதிவாவதால், வந்ததும் வராததும் தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தெரியும். புகாரை அதன் செயலியிலோ 80084 எண்ணிலோ கொடுக்கலாம். கையொப்பம் கேட்கும் எந்தத் தாளையும் படம் எடுத்துக்கொள்ளாமல் ஒப்பமிடாதீர்கள், குறிப்பாக 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்கிற தாளை. வேலை ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் பாக்கிப் பணம் கைக்கு வர வேண்டும். இந்திய அரசின் உதவி மையம் 800 46342, கட்டணமில்லை.

கோடையில் லீவுக்கு ஊருக்குப் போகிறேன். வீட்டை என்ன செய்வது?

ஏசியை முழுக்க அணைக்காமல் 27 அளவில் விடுங்கள். அணைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது செருப்பும் பெல்ட்டும் பூஞ்சை பூத்திருக்கும். தண்ணீர் வால்வை மூடுங்கள். லைட்டர், பவர் பேங்க், சென்ட் பாட்டில் எதையும் காரில் விடாதீர்கள். டயரில் காற்றைச் சரிபாருங்கள், பேட்டரி இரண்டு வயது தாண்டியிருந்தால் வந்ததும் வண்டி கிளம்பாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் சாதாரண வேலை விசா செல்லாமல் போய்விடும். டிக்கெட் போடும் முன் ஐடியின் கடைசித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.